வேலிக்கு அங்கால ஒரு இடாப்பு

"உங்கட பேரை எழுதி நான் ஆரிட்டைக் குடுக்கிறது, ஆச்சி? உங்கட பேருக்குச் சந்தையில என்ன விலை போகுது?"

தனுஷா அப்படிக் கேட்டபோது வேலிக்கு இந்தப் பக்கம் நான் நின்றேன், அந்தப் பக்கம் அவள். நடுவில் கிளுவை மரங்களும் முட்கம்பியும். அவள் கையில் அந்தக் கொப்பி. தடித்த மட்டை போட்ட பெரிய சீஆர் கொப்பி. இரண்டு வருடமாக என் சந்தேகமெல்லாம் அதன் மேல்தான்.

"சும்மா ஆரும் ஒவ்வொரு நாளும் றோட்டைப் பாத்துப் பாத்து எழுதமாட்டினம்," என்றேன். "எனக்கு வயசு எழுபத்திரண்டு. எழுதுற ஆக்களைக் கண்டனான்."

"அப்ப இந்தாங்கோ. நீங்களே வாசிச்சுப் பாருங்கோ."

கம்பிக்கு மேலால் கொப்பியை நீட்டினாள். எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது என்பது அவளுக்கு அப்போது தெரியாது. நான் வாங்கவில்லை. "உன்ர கொப்பி எனக்கு என்னத்துக்கு" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். அன்றைய சண்டையில் தோற்றது நான்தான். சொல்ல வெட்கமில்லை.

எங்கள் இடம் ஒட்டுசுட்டானில் இருந்து உள்ளே போகிற றோட்டில். இங்கே எழுதுகிறவர்கள் வந்து யாருக்கும் நல்லது நடந்ததை நான் காணவில்லை. சண்டைக் காலத்தில் வீட்டில் எத்தனை பேர் என்று ஒரு பக்கத்தார் எழுதினார்கள். பிறகு முகாமுக்குள் மற்றப் பக்கத்தார் எழுதினார்கள். என் மனிசனின் பேர் ஒரு லிஸ்டில் கிடக்கிறது என்று கூப்பிட்டார்கள். போனவர் வரவில்லை. ஐந்து வருடம் பார்த்தேன், பிறகு பொட்டை நானே அழித்தேன். அதற்குப் பிறகு நிறுவனங்கள் வந்தன. மலசலகூடம் கட்டித் தருகிறோம் என்று எழுதினார்கள். ஆடு தருகிறோம் என்று எழுதினார்கள். ஆடு இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கிறது.

இப்படி இருக்க, பக்கத்து வளவுக்கு ஒருத்தி குடிவந்து, காலையில் றோட்டைப் பார்த்துவிட்டு உடனே கொப்பியைத் திறந்தால் நான் என்ன நினைப்பேன்?

அவள் வந்தது நெளுக்குளத்தில் இருந்து. தகப்பன் பழனியாண்டி மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே கலவரம் வந்தபோது வவுனியாப் பக்கம் ஓடிவந்து, மற்ற ஆட்களின் வயலில் கூலிக்கு நின்றே கிழவனானவர். அந்தச் சனத்தைப் பற்றி எங்கள் ஆட்கள் இளக்காரமாகச் சொல்லுகிற சொல் ஒன்று இருக்கிறது. நானும் சொன்னவள்தான். தனுஷா ஓ.எல். சோதனை எழுதினாள். கெட்டிக்காரி என்று கேள்வி. மேலே படிக்க வீட்டில் வசதி இல்லை, கட்டிக் கொடுத்துவிட்டார்கள். புருஷன் விஜிதரன் மேசன் வேலை. கொழும்பில் கட்டடங்களில் நிற்பான், மாதத்துக்கு ஒருமுறை வருவான். அவனுடைய பெரியப்பாவின் காணி என்று இங்கே வந்து இருந்தார்கள். ஒரே பிள்ளை, யதுர்ஷிகா.

வந்து ஆறு மாதத்தில் பிள்ளை பள்ளிக்கூடம் போவது நின்றது. அப்போது மூன்றாம் ஆண்டு. ஏன் பிள்ளையை விடுவதில்லை என்று தாயைக் கேட்டேன்.

"சுகமில்லை."

"என்ன சுகமில்லை?"

"சுகமில்லை, ஆச்சி."

ஒன்றை ஒளிக்கிற ஆட்கள்தான் கேட்கக் கேட்க அதையே சொல்லுவார்கள். அன்றிலிருந்து நான் பார்க்கத் தொடங்கினேன். ஒளிந்து நின்று பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். என் வளவில் நின்றேன். கண் அங்கே போனது.

விடிய எழும்பியதும் ஒரு கண்ணாடிக் குழாயில் எதையோ ஊற்றி, மெழுகுதிரி நெருப்பில் பிடித்து, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு எழுதுவாள். முதலில் செய்வினை என்று நினைத்து, படலையில் வேப்பிலை கட்டினேன். பிறகு வெள்ளைச் சட்டைப் பிள்ளைகள் றோட்டால் பள்ளிக்கூடம் போகும். எட்டிப் பார்ப்பாள், எழுதுவாள். அதன் பிறகு தன் பிள்ளையை விறாந்தையில் கதிரை போட்டு இருத்துவாள். பிள்ளை வாய்விட்டு ஏதாவது சொல்லும், எழுதும், அழும். தாய் பத்தரை மணி மட்டில் ஒருக்கால் எழுதுவாள். மத்தியானம் ஒருக்கால் எழுதுவாள். பிள்ளையைப் படிப்பிக்கிறாள் என்பது தெரிந்தது. படிப்பிக்கிறவள் தான் ஏன் இவ்வளவு எழுதவேண்டும்? என் காலத்தில் வாத்திமார் அடித்தார்கள், எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமைதான் மோசம். சாப்பாட்டுக்குப் பிறகு பழைய கலண்டர் தாளைப் பின்பக்கம் திருப்பி, அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, பெட்டி பெட்டியாக்கி, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எதையோ நிரப்புவாள். பிறகு சிவப்புப் பேனை எடுத்து ஒரு பெட்டியில் இருந்து மற்றப் பெட்டிக்கு அம்புக்குறி போடுவாள். வரைபடத்தில் அம்புக்குறி போட்டு வைத்திருந்த ஆட்களையும் நான் இந்த வன்னியில் கண்டிருக்கிறேன். அவர்கள் ஒருவரும் வாத்தியார் இல்லை.

இரண்டு வருடம் பொறுத்தேன். பிறகு கிராம சேவகரிடம் போனேன். அவர் பேர் முத்துலிங்கம். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் எங்களுக்கு அவர் விதானையார்தான்.

"பக்கத்து வளவுப் பெட்டை ஊரை எழுதுறாள்," என்றேன்.

அவர் சிரித்தார். "ஆச்சி, இந்தக் காலத்தில ஆர் கொப்பியில எழுதிக் குடுக்கிறது? எல்லாம் ஃபோனில போயிடும்."

"சிரியுங்கோ. பிள்ளையையும் வெளியில விடுறாள் இல்லை. ரெண்டு வருஷம்."

சிரிப்பு நின்றது. "பள்ளிக்கூடம் போறேல்லையோ?"

"இல்லை."

அவர் பேனையை எடுத்து அதை எழுதினார். என் வாயிலிருந்து போன சொல் கடதாசியில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனாலும் அழியுங்கோ என்று சொல்லவில்லை.

அடுத்த நாள் விதானையார் வந்து தனுஷாவை விசாரித்துவிட்டுப் போனார். சொன்னது யார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, அந்த றோட்டில் எங்கள் இரண்டு வீட்டை விட்டால் அடுத்த வீட்டுக்குக் காடு தாண்டவேண்டும். அன்று பின்னேரம்தான் அவள் வேலிக்கு வந்து, என் பேருக்குச் சந்தையில் என்ன விலை என்று கேட்டது.

ஒரு கிழமை முடிவதற்குள் கல்விக் கந்தோரில் இருந்து ஒரு அம்மா ஸ்கூட்டரில் வந்தா. விறாந்தையில் இருந்து கதைத்தா. நான் வேலியோரம் கூட்டினேன். கூட்டிய இடத்தையே கூட்டினேன்.

பிள்ளைக்குச் சிறுநீரகத்தில் வருத்தமாம். உடம்பின் சத்து மூத்திரத்தோடு போய்விடும், முகம் வீங்கும். கண்ணாடிக் குழாயில் சூடாக்கியது அந்த மூத்திரத்தைத்தான். வெள்ளையாகத் திரண்டால் வருத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம். கொடுக்கிற குளிசை உடம்பின் எதிர்ப்பைக் குறைக்கும், தடிமன், இருமல் பிடித்த பிள்ளைகளுக்கு நடுவில் இருத்தவேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். பெட்டைப் பிள்ளையின் வருத்தம் ஊருக்குத் தெரிந்தால் நாளைக்குக் கலியாணப் பேச்சில் வந்து குறுக்கே நிற்கும் என்று தாய் வாய் திறக்கவில்லை.

கொப்பி, வீட்டுக்குள் வைத்திருக்கிற பள்ளிக்கூட இடாப்பு, வரவு பதிகிற பதிவேடு. அச்சடித்ததை எங்கே வாங்குவது என்று தெரியாமல் தானே கோடு கீறிச் செய்திருக்கிறாள். திகதி, தொடங்கிய நேரம், முடித்த நேரம், என்ன பாடம், புத்தகத்தில் எத்தனையாம் பக்கம், பிள்ளைக்கு விளங்கியதா இல்லையா. மற்றப் பிள்ளைகள் றோட்டால் போகிற நேரத்துக்குத் தொடங்கினால்தான் இதுவும் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருக்கும் என்று எட்டிப் பார்த்திருக்கிறாள். கலண்டர் தாள், வருகிற கிழமைக்கான திட்டம். முடியாத பாடத்தை அடுத்த கிழமைக்குத் தள்ளுவதற்குத்தான் அம்புக்குறி.

நான் நம்பினேனா என்று கேட்டால், அரைவாசி நம்பினேன். கந்தோர் ஆட்களுக்கு முன்னால் யாரும் நல்லாய்த்தான் கதைப்பார்கள்.

"டொக்டர்தான் போன கிளினிக்கில, இனி விடலாம் எண்டு எழுதித் தந்திருக்கிறாரே," என்றா அந்த அம்மா. "இந்தத் தவணையே கொண்டுபோய்ச் சேருங்கோ. எந்த வகுப்பு எண்டு பள்ளிக்கூட அதிபர் சொல்லுவார்."

அதிபர் சொன்னார். இரண்டு நாள் கழித்துத் தனுஷா என் படலைக்கு வந்தாள். நான் வா என்று சொல்லவில்லை, அவளும் உள்ளே வரவில்லை.

"பிள்ளையை மூண்டாம் ஆண்டில இருத்தச் சொல்லுறார், ஆச்சி. விட்ட இடத்தில இருந்து தொடங்கட்டாம்."

"அதுக்கு நான் என்ன செய்ய?"

"இது அஞ்சாம் ஆண்டு வயசு. ரெண்டு வருஷப் பாடமும் படிச்சு முடிச்சது. சின்னனுகளோட இருத்தினால் ஒரு கிழமையில பள்ளிக்கூடமே வேண்டாம் எண்டு வந்து படுத்திடும். எனக்கு என்ர பிள்ளையைத் தெரியும்."

"உன்ர கொப்பியைக் காட்டன்."

"காட்டினனான். எந்தத் தாயும் ரெண்டு நாளில உப்பிடி ஒண்டை எழுதிப்போடுவா எண்டார். கண்ட ஆக்கள் ஆரும் இருந்தால் கூட்டிக்கொண்டு வரட்டாம்."

வருவது எனக்கு விளங்கிவிட்டது.

"கிருமி வரும் எண்டு ஒருத்தரையும் நான் வீட்டுக்கை எடுக்கேல்லை. பிள்ளையின்ர அப்பா கொழும்பில. கண்டது நீங்கள் ஒராள்தான். ரெண்டு வருஷம் வேலியால பாத்தனீங்கள். அதை வந்து சொல்லுங்கோ."

"நான் வேலியால பாத்தனெண்டு ஆர் சொன்னது?"

"உங்கட தலை உரசின இடத்தில கிளுவையில இலை இல்லை, ஆச்சி."

அன்று முழுக்க யோசித்தேன். என்னைக் கூட்டிக்கொண்டு போய், எதிலாவது கைநாட்டு வாங்கி, விதானையாரிடம் நான் சொன்னது பொய் என்று ஆக்கப் பார்க்கிறாளோ? கடைசியில் போனேன். இரக்கத்தில் போனேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். அந்தக் கொப்பியில் கிடப்பதை ஒருவர் உரத்து வாசிக்க நான் கேட்கவேண்டும். பொய் எழுதியிருந்தால் அந்த இடத்திலேயே பிடிக்கவேண்டும். வேறு ஒன்றும் இல்லை.

அதிபர் கதிர்காமநாதன் மெலிந்த மனிசன். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு மேசையெல்லாம் அதைத் தேடினார்.

"நீங்கள் பிள்ளைக்கு என்ன முறை, அம்மா?"

"ஒரு முறையும் இல்லை. பக்கத்து வளவு. பேர் இராசேஸ்வரி. இவளோட எனக்குக் கதை பேச்சும் இல்லை."

"அப்ப எப்பிடி உங்களுக்குத் தெரியும்?"

"பாத்தனான்."

"ரெண்டு வருஷமாகவோ? ஏன்?"

"நம்பேல்லை. நம்பியிருந்தால் என்ர அலுவலைப் பாத்திருப்பன்."

அவர் கொப்பியைத் திறந்து ஒரு திகதியைச் சொன்னார். அன்று என்ன நடந்தது என்று கேட்டார்.

"திகதி எனக்குத் தெரியாது. நான் சொல்லுறன், நீங்கள் அதில தேடுங்கோ," என்றேன். "போன வருஷம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அடுத்த நாள். ஊரெல்லாம் நித்திரை. இவள் மட்டும் பிள்ளையை எழுப்பி இருத்தி வாய்ப்பாடு கேட்டவள். ஏழாம் வாய்ப்பாடு. ஏழெட்டில வந்து வந்து நிண்டு அழுதது. பத்து மணிக்கு முதலே எழுப்பி உள்ளுக்கு விட்டிட்டாள்."

அவர் தாள்களைப் புரட்டினார். கண்ணாடி இப்போது மூக்கில் இருந்தது.

"செவ்வாய்," என்று வாசித்தார். "கணிதம். ஏழாம் வாய்ப்பாடு, ஏழெட்டு வரவில்லை. அழுதாள். ஒன்பது ஐம்பதுக்கு நிறுத்தினேன். அரைப் பேர்." நிமிர்ந்தார். "அரைப் பேர் எண்டால் என்ன, பிள்ளை?"

"அது தோட்டத்தில சொல்லுறது, சேர்," என்றாள் தனுஷா. "கங்காணி செக்ரோல் எண்ட இடாப்பில பேர் போட்டால்தான் அண்டைக்கு வேலை செய்ததெண்டு கணக்கு. கொழுந்து குறைஞ்சால் அரைப் பேர். அப்பாவுக்கு ஒரு மாசம் பதினொரு நாள் பேர் விழேல்லை. மழையில நனைஞ்சு நனைஞ்சு போய் வேலை செய்தவர். ஆரிட்டையும் போய்க் கேக்க ஏலேல்லை. 'பேர் விழலேன்னா நீ மலைக்கே போகலேன்னு அர்த்தம்'னு சாகும் வரைக்கும் சொல்லுவார். அதுதான் பிள்ளைக்கு நான் ஒவ்வொரு நாளும் போட்டனான். முழுக்கப் படிச்சால் முழுப் பேர். குறைஞ்சால் அரை."

இதை நான் அதுவரை கேள்விப்படவில்லை. எங்களுக்கு லிஸ்டில் பேர் விழுந்தால் பயம். அந்தச் சனத்துக்கு விழாவிட்டால் பயம். யோசித்துப் பார்க்க அதுவும் சரிதான். ஆனால் நான் வந்த அலுவல் முடியவில்லை.

"ஆவணியில பாருங்கோ," என்றேன். "ஒரு கிழமை இவள் படிப்பிக்கேல்லை. விறாந்தையில சுவரைப் பாத்துக்கொண்டு படுத்திருந்தவள். பிள்ளைதான் தேத்தண்ணி போட்டது. அது எழுதிக் கிடக்கோ? இல்லாட்டில் உது முழுக்கப் பொய்."

தனுஷா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்ததை நான் சொல்லப்போவதில்லை.

அதிபர் தேடி எடுத்தார். மெல்ல வாசித்தார். "பாடம் இல்லை. எனக்கு ஏலவில்லை. பேர் இல்லை." தாளைப் புரட்டினார். "அடுத்த நாளும் அதேதான். ஆறு நாள்." நிறுத்தினார். "என்ன, காய்ச்சலோ?"

"இல்லை, சேர். ஏலேல்லை."

அவர் கொப்பியை மூடி, மட்டையில் கையை வைத்துக்கொண்டு இருந்தார். "நான் இருவத்தெட்டு வருஷமாப் பாடக்குறிப்பு எழுதுறன், பிள்ளை. உப்பிடி ஒரு நாளும் எழுதேல்லை."

எனக்கும் பிடிக்க ஒன்றும் அகப்படவில்லை. இருந்தும் அவளைப் பார்த்து நல்லது என்று சொல்ல வாய் வரவில்லை.

அதிபர் ஒரு தாளை எடுத்து ஐந்தாறு வரி எழுதினார். "சரி, பிள்ளையைச் சேர்க்கிறன். நீங்கள் கண்டதாக இதில ஒரு கையெழுத்து வையுங்கோ, அம்மா."

"எனக்குக் கையெழுத்து இல்லை. கைநாட்டுத்தான்."

மைப்பெட்டியைத் தள்ளிவைத்தார். நான் விரலைக் கொடுக்கவில்லை.

"என்ன எழுதிக் கிடக்கு?"

"நீங்கள் சொன்னதுதான்."

"ஆரும் வாசிக்கட்டும்."

தனுஷா தாளுக்குக் கையை நீட்டினாள். "நீ வேண்டாம்," என்றேன். "பிள்ளை வாசிக்கட்டும். அவளுக்கு இன்னும் எழுத்தில களவு தெரியாது."

எங்களோடு வந்த யதுர்ஷிகா அதுவரைக்கும் கதவோரம் நின்றாள். இரண்டு வருடம் பார்த்த பிள்ளை, இவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் கண்டேன். மேசையடிக்கு வந்து தாளைப் பிடித்துக்கொண்டு தொடங்கினாள். "மேற்படி பிள்ளை இரண்டு வருடங்களாகத் தனது வீட்டில் ஒழுங்காகக் கல்வி கற்றதை நான் நேரில் கண்டேன் என்பதை இத்தால் உறுதிப்படுத்துகின்றேன். இதன்படி பிள்ளை நான்காம் ஆண்டில்..."

நிறுத்தினாள்.

"சேர், நாலாம் ஆண்டு எண்டு கிடக்கு. நான் அஞ்சு."

அதிபர் கதிரையில் சரிந்தார். "மூண்டுக்கும் அஞ்சுக்கும் நடுவில வைச்சுப் பாப்பம் எண்டு..."

"நடுவில எண்டு வாயால சொன்னனீங்களோ?" என்றேன். "வாயால சேர்க்கிறன், எழுத்தில நாலு. எழுத்துத் தெரியாதவளிட்டை விரல் வாங்கிற எல்லாரும் உப்பிடித்தான். என்ர விரலால இவளுக்கு ஒரு வருஷம் வெட்டுப்பட வேண்டாம்."

"அப்பிடி நினைச்சு எழுதேல்லை, அம்மா."

"நினைச்சதை நான் கேக்கேல்லை. பிள்ளை வாசிச்சதைக் கேட்டனீங்கள்தானே. உறுதிப்படுத்து, என்னவோ, அந்த நீளச் சொல்லைத் தடக்காமல் சொன்னாள். உங்கட மூண்டாம் ஆண்டில ஒண்டைக் கூப்பிடுங்கோ, சொல்லுதோ பாப்பம்."

அவர் பிள்ளையைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பிறகு நான்கை வெட்டி, மேலே எழுதி, பக்கத்தில் சின்னதாய்த் தன் கையெழுத்தை வைத்தார். நான் விடவில்லை. பிள்ளையைக் கொண்டு முதலில் இருந்து திரும்ப வாசிப்பித்தேன். ஐந்தாம் ஆண்டு என்று வாசித்த பிறகுதான் பெருவிரலை மையில் வைத்தேன். முகாமை விட்டு வந்த பிறகு ஒரு கடதாசியில் நான் விரல் வைத்தது அன்றுதான்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் முன்னுக்கு இருந்தாள், நான் பின்னுக்கு இருந்தேன். நன்றி என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். விதானையாரிடம் போனதற்கு நானும் ஒன்றும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை பிள்ளை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியது. அதற்கு முதல் நாள் தனுஷா ஒட்டுசுட்டான் சந்திக்குப் போய் ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்து வாங்கிவந்தாள். பழையது மூன்றாம் ஆண்டில் வாங்கியது, காலுக்கு ஏறாது. புதியதை விறாந்தையில் வைத்துப் பிள்ளைக்குக் கட்டப் பழக்கினாள். நான் வேலியடியில் நின்றேன்.

"எவ்வளவு குடுத்தனீ?"

"ரெண்டாயிரத்து அறுநூற்றைம்பது, ஆச்சி."

"கடைக்காரன் உனக்கு விலையை நல்லாத் தீட்டிப்போட்டான்."

"அதுதான் விலை."

நான் நம்பவில்லை. செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிச் சந்திக்குப் போய், அதே கடையில் அதே சப்பாத்தைக் காட்டி விலை கேட்டேன். இரண்டாயிரத்து அறுநூற்றைம்பது ரூபா.